இரவு ரிலேயில் மக்கர்: எந்த அறிகுறிக்கு எதைப் பார்ப்பது

ராத்திரி முழுக்க ஓடும் குழு ரிலேக்களில் பெரும்பாலானவை ஒரே கணக்குத்தான்: 12 பேர், 2 வேன், 36 கட்டம், மொத்தம் 320 கிலோமீட்டர் வாக்கில். கட்டம் என்றால் ஒருவர் ஓடி அடுத்தவரிடம் ஒப்படைக்கும் தூரம்: ஆளுக்கு மூன்று, ஒவ்வொன்றும் சராசரி 9 கிலோமீட்டர். ஒரு வேனில் ஆறு பேர்; அந்த ஆறு பேரும் வரிசையாக ஓடி முடித்ததும் அடுத்த வேன் தொடரும், அதுவரை இந்த வேனுக்கு ஓய்வு. தூரத்தை மட்டும் பார்த்தால் ஒழுங்காகப் பயிற்சி எடுத்தவருக்கு இது பெரிய விஷயமில்லை. ஓடி முடித்து, எட்டு ஒன்பது மணி நேரம் வேனில் மடங்கிக் கிடந்து, அரைத் தூக்கத்தில் எழுந்து மறுபடி ஓடுவதில்தான் வம்பே இருக்கிறது.

வேன் கேப்டனாக முன் சீட்டில் உட்கார்ந்து போகும் எனக்கு வருகிற புகார்கள் ஒவ்வொரு முறையும் அதேதான், ஆள்தான் மாறுகிறார். அதனால் அறிகுறிவாரியாக எழுதி வைக்கிறேன். சுலபமான காரணம் முதலில், ஆளைக் கட்டத்திலிருந்தே இறக்க வேண்டிய காரணம் கடைசியில்.

எந்தப் புகார் வந்தாலும் முதலில் மூன்று கேள்வி கேளுங்கள். கடைசியாக எப்போது, என்ன சாப்பிட்டார்? கடைசியாக எப்போது சிறுநீர் கழித்தார், என்ன நிறம்? ஓடிய ஈர உடையை மாற்றினாரா? கட்டத்தில் தெரிகிற கோளாறு பெரும்பாலும் முந்தின கட்டம் முடிந்த முதல் அரை மணி நேரத்திலேயே தொடங்கியிருக்கும். ஓடி முடித்தவர் வேனில் ஏறியதும் போனை எடுத்து நேரத்தைப் பார்த்துக்கொண்டே தூங்கிப்போனால், அடுத்த கட்டத்துக்கு முன் என்னிடம் வரப்போகும் முதல் ஆள் அவர்தான்.

## கால் விறைத்து, மடங்கவே மாட்டேன் என்கிறது

இரண்டாம் கட்டத்துக்கு வேனை விட்டு இறங்கும்போது சிலருக்கும், மூன்றாம் கட்டத்தில் ஏறக்குறைய எல்லாருக்கும் வருவது. எங்கே, எப்படி வலிக்கிறது என்று தொட்டுக் காட்டச் சொல்லுங்கள். மேற்கொண்டு என்ன செய்வது என்பது அதைப் பொறுத்தது.

இரண்டு காலும் ஒரே மாதிரி இறுக்கம். உட்கார்ந்தே வந்ததுதான் காரணம். பத்து நிமிடம் நடை, பிறகு ஐந்து நிமிடம் மெல்லோட்டம், அப்புறம் வேனைப் பிடித்துக்கொண்டு காலை முன்னும் பின்னும் வீசுவது. குளிர்ந்து கிடக்கும் சதையை இழுத்துப் பிடித்து நீட்டிக்கொண்டு நிற்க வேண்டாம். முதல் கிலோமீட்டரை வழக்கத்தைவிட 30 முதல் 40 விநாடி மெதுவாக ஓடச் சொல்லுங்கள். இரண்டாம் கிலோமீட்டரில் கால் தானாகத் திறந்துகொள்ளும். இதற்கெல்லாம் நேரம் வேண்டுமென்றால் ஆளை முக்கால் மணி நேரம் முன்பே எழுப்பியாக வேண்டும்.

தொடையின் முன்பக்கம், படி இறங்கும்போது மட்டும் வலி. முதல் கட்டத்தில் இறக்கம் இருந்திருக்கும், அதில் அவர் சந்தோஷமாகப் பறந்திருப்பார். இந்த வகை ரிலேக்களில் பழையதான ஹூட் டு கோஸ்ட், அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் 1982-ல் தொடங்கியது. அதன் முதல் கட்டமே ஹூட் மலையின் டிம்பர்லைன் லாட்ஜிலிருந்து செங்குத்தாகக் கீழே இறங்குகிறது. அப்படி ஒரு கட்டத்தைக் குழுவிலேயே வேகமானவருக்குக் கொடுத்துவிட்டு, அவரிடமே மூன்றாம் கட்டத்திலும் வேகம் எதிர்பார்ப்பது நடக்காத காரியம். இந்த வலிக்கு ராத்திரியோடு ராத்திரியாக மருந்து கிடையாது. காலை நீட்டி வைக்காமல், சின்னச் சின்ன அடியாக வேகமாக எடுத்துவைத்து ஓட வேண்டியதுதான். அடுத்த கட்டமும் இறக்கம் என்றால், பந்தய விதி அனுமதித்தால் சமதளக் கட்டம் உள்ளவரோடு மாற்றிக்கொள்ளுங்கள். ஃபோம் ரோலரை (சதையை நீவிவிடும் நுரை உருளை) மென்மையாக உருட்டலாம். உயிர் போகிற மாதிரி அழுத்துவதால் வீங்கிய சதை இன்னும் கொஞ்சம் வீங்கும், அவ்வளவுதான்.

இந்த இடத்தில் யாராவது பையிலிருந்து வலி மாத்திரையை நீட்டுவார். இபுப்ரொஃபென் வகை மாத்திரைகள் வேண்டாம். நீர் வற்றிய உடம்பில், நெடுநேர ஓட்டத்துக்கு நடுவே, அவை சிறுநீரகத்துக்கும் குடலுக்கும் கெடுதல். வலி மறைந்துபோனால் கீழே சொல்லும் சோதனைகளும் பொய் சொல்லும்.

எலும்பின் மேல் ஒரே புள்ளியில் வலி. முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பிலோ பாதத்தின் மேற்பக்கத்திலோ விரலை வைத்தால் 'இங்கேதான்' என்று துள்ளுகிறார் என்றால், அந்தக் காலில் மட்டும் நின்று மூன்று முறை குதிக்கச் சொல்லுங்கள். எலும்பு நெடுக விரலளவுக்கு மேல் பரவிய வலி, குதித்தால் கூடவில்லை: சதையும் அதன் ஒட்டும்தான், மெதுவாக ஓடலாம். குதித்தால் அதே புள்ளியில் சுரீரென்கிறது: எலும்பு கீறலாக இருக்கலாம். அவருடைய பந்தயம் முடிந்தது. வீடு திரும்பியதும் எலும்பு மருத்துவர். குழு தோற்றுவிடுமே என்று அவரே ஓடுகிறேன் என்பார், பேச்சே வேண்டாம்.

ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி, சூடாக, அமுக்கினால் வலிக்கிறது. அபூர்வம். ஆனால் மணிக்கணக்கில் மடங்கி உட்கார்ந்த காலில் இரத்தம் உறைந்து கட்டியிருக்க வாய்ப்புண்டு. தேய்த்துவிடாதீர்கள், அன்றே மருத்துவமனை. கூடவே மூச்சுத் திணறலோ நெஞ்சு வலியோ இருந்தால் உடனே அவசர ஊர்தி.

## வயிறு ஒத்துழைக்கவில்லை

குமட்டல், எதைப் பார்த்தாலும் வெறுப்பு. முதல் கட்டத்துக்குப் பிறகு ஒன்றும் சாப்பிடாமல் கிடந்தாரா, அல்லது பசியில் எண்ணெய்ப் பண்டத்தை ஒரு கட்டு கட்டினாரா என்று கேளுங்கள். இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும், மருந்து வேறு. வெறும் வயிறு என்றால் அரை வாழைப்பழம், இரண்டு வாய் சர்க்கரைத் தண்ணீர், பத்து நிமிடம் கழித்து மறுபடி. கனத்த வயிறு என்றால் நிமிர்ந்து உட்கார வைத்து, நடக்க வைத்து, நேரம் கொடுப்பதைத் தவிர வேறு வழியில்லை.

இது வராமல் பார்த்துக்கொள்வது சுலபம். ஓடி முடித்த முதல் ஒரு மணி நேரத்துக்குள் உடல் எடையில் கிலோவுக்கு ஒரு கிராம் அளவில் மாவுச்சத்து. 60 கிலோ ஆளுக்கு நடுத்தர அளவில் இரண்டு வாழைப்பழம், கூட ஒரு துண்டு பிரெட். பிறகு உப்புப் போட்ட சோறோ உருளைக்கிழங்கோ, கொழுப்பும் நாரும் குறைவாக. அடுத்த கட்டத்துக்கு இரண்டு மணி நேரம் முன்போடு கெட்டியான உணவை நிறுத்திவிடலாம். வேனுக்குள் எல்லாரும் கையை விட்டு எடுக்கும் அந்தப் பெரிய சிப்ஸ் பாக்கெட்டை டிக்கியில் போட்டுவிடுங்கள். கண்ணெதிரே இருந்தால் கை போகும்.

ஓடும்போது விலாவில் குத்தல். வேகத்தைக் குறைத்து, குத்தும் இடத்தைக் கையால் அழுத்தி, மூச்சை நீளமாக வெளியே விடச் சொல்லுங்கள். ஓடுவதற்கு முன் மடமடவென்று குடித்த இனிப்புப் பானம்தான் வழக்கமான குற்றவாளி.

வயிற்றுப்போக்கு. ஒரு தடவை என்றால் பதற்றம், காபி, அல்லது புதிதாக முயன்று பார்த்த எனர்ஜி ஜெல். பந்தயத்தில் ஓசியில் கிடைக்கும் ஜெல்லைச் சோதித்துப் பார்க்க இருட்டு ரோட்டில் ஐந்தாவது கிலோமீட்டர் சரியான இடமில்லை. ஓஆர்எஸ் கலந்து சிறிது சிறிதாகக் குடிக்கட்டும், அடுத்த கட்டத்தை ஓடலாம். திரும்பத் திரும்பப் போகிறது, காய்ச்சலும் இருக்கிறது, அல்லது இரத்தம் தெரிகிறது என்றால் ஓட்டம் நிற்க வேண்டும், மருத்துவக் கூடாரத்துக்கு அழைத்துப் போங்கள்.

## தலைவலி, மந்தம், சிறுநீர் சரியில்லை

இந்த அறிகுறியில்தான் நல்ல மனம் படைத்தவர்கள் ஆபத்தை உண்டாக்குகிறார்கள். தலைவலி என்றதும் 'தண்ணீர் குடி' என்று பாட்டிலைக் கையில் திணிப்பார்கள். தண்ணீர் குறைந்தாலும் தலைவலி, கூடினாலும் தலைவலி. முதலில் எது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

சிறுநீர் அடர் மஞ்சள், வாய் உலர்ந்திருக்கிறது, தாகம். தண்ணீர் குறைவு. உப்புள்ள ஏதாவது தின்னக் கொடுத்து, ஒரு மணி நேரத்தில் அரை லிட்டர் வாக்கில் சிறிது சிறிதாகக் குடிக்கட்டும்.

தாகமே இல்லை, பாட்டில் பாட்டிலாகக் குடித்திருக்கிறார், வயிறு தளும்புகிறது. விரலைப் பாருங்கள். காலையில் சுழன்று விளையாடிய மோதிரம் இப்போது அசைய மறுக்கிறதா, கடிகாரப் பட்டை மணிக்கட்டில் பள்ளம் பதித்திருக்கிறதா? உடம்பில் நீர் மிதமிஞ்சி, இரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போவதன் அடையாளம் அது. வெறும் தண்ணீரை நிறுத்துங்கள். தெளிவாகப் பேசுகிறார் என்றால் உப்பு தூக்கலான சூப் கொஞ்சம், சிறுநீர் நன்றாகப் போகும்வரை வேறொன்றும் குடிக்க வேண்டாம், ஓடவும் வேண்டாம். பேச்சு குழறுகிறது, வாந்தி நிற்கவில்லை, வலிப்பு வருகிறது என்றால் அவசர ஊர்தி. வருகிறவர்களிடம் 'நிறையத் தண்ணீர் குடித்திருக்கிறார்' என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் நீரிழப்பு என்று நினைத்து மேலும் நீர் ஏற்றிவிட வாய்ப்புண்டு.

சிறுநீர் கோலா நிறம். தசை சிதைந்து சிறுநீரகத்தை அடைக்கத் தொடங்கியிருக்கலாம். தண்ணீர் குடித்தால் சரியாகிவிடும் என்று காத்திருக்காமல் மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.

வெயில் கட்டத்தில் ஓடியவர் உளறுகிறார், தள்ளாடுகிறார், விழுகிறார். உடல் வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டியிருக்கலாம். தோல் வியர்த்திருக்கிறதே, அப்படியென்றால் ஒன்றுமில்லை என்று நம்ப வேண்டாம். ஆம்புலன்சுக்குச் சொல்லிவிட்டு, அது வரும்வரை காத்திராமல் அந்த இடத்திலேயே குளிர்விக்கத் தொடங்குங்கள். தொட்டி இருந்தால் குளிர்ந்த தண்ணீரில் கழுத்துவரை. இல்லாவிட்டால் ஐஸ் பெட்டியில் உள்ள தண்ணீர் முழுவதையும் தலை, கழுத்து, உடம்பு என்று ஊற்றி விசிறுங்கள். முதலில் குளிர்விப்பது, பிறகுதான் ஏற்றிக்கொண்டு போவது.

## கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது

நின்று, பிடித்த சதையை மெல்ல நீட்டிப் பிடியுங்கள், விட்டுவிடும். பிறகு நடை, அப்புறம் மெதுவான ஓட்டம். பயிற்சியில் ஓடிய வேகத்தைவிடக் கூடுதலாக ஓடியதே பெரும்பாலும் காரணம். மெக்னீசியம் மாத்திரையை நம்பிப் பெட்டி பெட்டியாக வாங்கி வருபவர்கள் உண்டு. அதில் நான் பலன் பார்த்ததில்லை. வேகத்தைக் குறைத்தால் பலன் தெரியும். ஒரே நேரத்தில் உடம்பு முழுக்கப் பிடிப்பு பரவினால் மருத்துவக் கூடாரம்.

## பின்னிரவு மூன்று மணி: ஆள் தூக்கத்திலேயே ஓடுகிறார்

மூன்றிலிருந்து ஐந்துவரை உடம்பின் சூடே குறைந்திருக்கும் நேரம். அப்போது வேகம் வரவில்லை என்பது கோளாறே இல்லை.

எழுந்த பிறகும் கால்மணி, அரைமணி நேரம் தலை தெளியாது. அதனால் எழுப்பிய உடனே ஷூவை மாட்டி அனுப்பினால் முதல் திருப்பத்திலேயே வழி தவறுவார். முகம் கழுவி, வெளிச்சத்தில் நிற்கவைத்து, பெயரையும் கட்ட எண்ணையும் சொல்லச் சொல்லுங்கள். சிரித்துக்கொண்டே சொன்னால் அனுப்பலாம்.

காபி வேலை செய்யும். உச்சத்துக்கு வர அரை மணி முதல் ஒரு மணி நேரம் ஆகும். கப்பைக் குடித்துவிட்டு இருபது நிமிடம் கண்ணை மூடிப் படுத்து எழுந்தால் இரண்டின் பலனும் ஒன்றாகக் கிடைக்கும். ஆனால் குடித்ததில் பாதி ஐந்து மணி நேரம் கழித்தும் உடம்பில் இருக்கும். இந்தக் கட்டம் முடிந்து தூங்கப்போகிறவர் என்றால் காபியைத் தவிர்த்துவிட்டு, மூன்றாம் கட்டத்துக்கு அதைச் சேமித்து வைப்பதே லாபம். வேன் ஓய்வில் இருக்கும் அந்த நான்கைந்து மணி நேரத்தில், சாப்பாடும் பயணமும் போக இரண்டு மணி நேரத் தூக்கம் தேறும். அதைக் கூடி உட்கார்ந்து அரட்டையில் கரைப்பவர்கள்தான் விடிகாலையில் காபி எங்கே என்று கேட்பார்கள்.

நிற்கும்போதே தள்ளாடுகிறார், கேள்விக்குச் சம்பந்தமில்லாத பதில் வருகிறது என்றால் அது வெறும் தூக்கக் கலக்கமாக இல்லாமல் இருக்கலாம். மேலே சொன்ன சோடியம் விஷயத்தையும் கீழே சொல்லும் குளிரையும் சரிபார்த்துவிட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். சந்தேகம் இருந்தால் இருட்டு ரோட்டில் விடவே கூடாது.

## ஓடி முடித்ததும் நடுக்கம் நிற்கவில்லை

ஈர பனியன்தான். கழற்றிவிட்டு உலர்ந்த உடை, தொப்பி, போர்வை, சூடாக ஏதாவது குடிக்க. கால்மணியில் நின்றுவிடும். ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு முழு செட் உடையை மூன்று தனித்தனிப் பிளாஸ்டிக் பைகளில் கட்டி, எண் எழுதி வைத்தால் நடுராத்திரியில் பையைக் குடைய வேண்டியதில்லை. கழற்றிய ஈரத் துணியை அதே பையில் போட்டு முடிச்சுப் போட்டால் வேனும் நாறாது. நடுக்கம் நிற்காமல் பேச்சு குழற ஆரம்பித்தாலோ, உடம்பு சூடாகாமலே நடுக்கம் மட்டும் நின்றுபோனாலோ அவசர உதவி.

## கொப்புளம், தொடை உரசல்

உரசும் இடத்தில் வாஸலின், ஒவ்வொரு கட்டத்துக்கும் புது சாக்ஸ். ஈர ஷூவுக்குள் கசக்கிய செய்தித்தாளைத் திணித்து, அரை மணிக்கு ஒரு தடவை மாற்றினால் நிறைய ஈரம் போய்விடும். சின்னக் கொப்புளத்தை உடைக்காமல் டேப் ஒட்டுங்கள். பெரியதாக வலித்தால் சுத்தப்படுத்திய ஊசியால் ஓரத்தில் குத்தி நீரை வடித்து, மேல் தோலை உரிக்காமல் மூடிக் கட்டுங்கள். நீரிழிவு உள்ளவர்கள் இதைத் தாங்களே செய்ய வேண்டாம். சுற்றிலும் சிவப்பு பரவினாலோ சீழ் கட்டினாலோ டாக்டர்.

## விளக்கு மங்குகிறது, வழி காட்டும் குறி தெரியவில்லை

ஹெட்லாம்ப் மங்கினால் முதலில் அது எந்த நிலையில் இருக்கிறது என்று பாருங்கள். பல முறை யாரோ குறைந்த வெளிச்சத்தில் வைத்துவிட்டிருப்பார்கள். அடுத்தது பேட்டரி. குளிரில் சீக்கிரம் இறங்கும், மாற்றுப் பேட்டரியைச் சட்டைப்பைக்குள் உடம்போடு ஒட்டி வைக்கட்டும். மூடுபனியில் பேட்டரி முழுசாக இருந்தாலும் கண்ணுக்கு முன்னால் வெள்ளைச் சுவர்தான் தெரியும். விளக்கைத் தலையிலிருந்து கழற்றிக் கையில் இடுப்பளவுக்குத் தாழ்த்திப் பிடித்தால் ரோடு தெரியும்.

திருப்பத்தைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போயும் குறியைக் காணோம் என்றால் முன்னே போய்த் தேட வேண்டாம். கடைசியாகப் பார்த்த குறிக்குத் திரும்புங்கள். பின்னால் மினுக்கும் சிவப்பு விளக்கும் ஒளிரும் மேல்சட்டையும் இல்லாமல் யாரும் இறங்கக் கூடாது. எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி ஓடுவதே வழக்கமான விதி; அமைப்பாளர் வேறு சொன்னால் அதைக் கேளுங்கள்.

## கைமாற்றும் இடத்துக்கு வந்துவிட்டார், அடுத்தவரைக் காணோம்

மூச்சிரைக்க வந்து நின்று கட்ட எண்ணைக் கத்துகிறவரைப் பார்ப்பது பாவமாக இருக்கும். காரணம் மூன்றில் ஒன்று: கழிப்பறை வரிசை, தூக்கம், தப்புக் கணக்கு.

கழிப்பறை வரிசையை எல்லாரும் குறைத்து மதிப்பிடுகிறார்கள். வேன் நின்றதும் முதலில் அங்கே நிற்கச் சொல்லுங்கள், வார்ம்-அப் அப்புறம். தூக்கம் என்றால் எழுப்பும் பொறுப்பை ஒருவரிடம் பெயர் சொல்லி ஒப்படையுங்கள். 'யாராவது எழுப்புவார்கள்' என்றால் யாரும் எழுப்ப மாட்டார்கள்.

கணக்கு கொஞ்சம் நுணுக்கம். பகலில் ஒரு கிலோமீட்டரை 5 நிமிடம் 30 விநாடியில் ஓடுபவர் இருட்டில் 5 நிமிடம் 50 விநாடி எடுப்பது சாதாரணம். 9 கிலோமீட்டரில் மூன்று நிமிடம், ஆறு பேருக்கு 18 நிமிடம். அதனால் இரவுக் கட்டங்களுக்குத் தனி வேகம் எழுதி, ஒவ்வொரு கைமாற்றத்திலும் உண்மை நேரத்தைப் போட்டு மீதியைத் திருத்திக்கொண்டே வாருங்கள். எப்போதும் கணித்த நேரத்துக்கு 15 நிமிடம் முன்பே ஆள் அங்கே நிற்க வேண்டும், இறக்கக் கட்டமென்றால் இன்னும் கொஞ்சம் முன்பு. அடுத்த வேனுக்கு, நம் கடைசி ஓட்டக்காரர் கிளம்பும்போதே செய்தி அனுப்பிவிடுங்கள். மலைப்பாதையில் சிக்னல் கிடைக்காது. கிடைக்கும் கடைசி இடம் எது என்று வரைபடத்தில் முன்கூட்டியே குறித்துக்கொள்ளலாம்.

வேனே நெரிசலில் மாட்டியிருந்தால், முடிந்தால் அடுத்து ஓட வேண்டியவரை இறக்கி நடந்தே போகச் சொல்லுங்கள். வேன் பிறகு வந்து சேரட்டும்.

## ஓட்டுநருக்குக் கண் சொருகுகிறது

பந்தயத்தில் உண்மையில் ஆளைக் கொல்லக்கூடியது இதுதான். 17 மணி நேரம் விழித்திருப்பவரின் நிதானம் இரத்தத்தில் 0.05 சதவீதம் மது இருப்பவரின் நிதானத்துக்கு நிகர். 24 மணி நேரம் என்றால் 0.10 சதவீதத்துக்கு நிகர். இரண்டு கட்டம் ஓடி முடித்தவர் அதைவிட மோசமாகத்தான் இருப்பார். கொட்டாவி, ஒரே பாதையில் நேராகப் போக முடியாமை, கடந்து வந்த கடைசி இரண்டு கிலோமீட்டர் நினைவில் இல்லாமை: இதில் ஒன்று தெரிந்தாலும் வண்டியை ஓரங்கட்டுங்கள். கண்ணாடியை இறக்குவதும் பாட்டைச் சத்தமாக வைப்பதும் தீர்வு இல்லை. தூங்கி எழுந்த இன்னொருவர் சாவியை வாங்க வேண்டும். அப்படி யாரும் இல்லையென்றால், கைமாற்றத்தில் எத்தனை நிமிடம் போனாலும் சரி, நின்ற இடத்தில் தூக்கம்.

முன் சீட்டில் உட்காருபவர் தூங்கக் கூடாது என்பதையும் எழுதாத விதியாக வைத்துக்கொள்ளுங்கள். செலவுக்கு ஒத்துவந்தால் ஓடாத ஒருவரை ஓட்டுநராகக் கூட்டி வருவதே நல்லது. முடிவுக் கோட்டைத் தாண்டி, பதக்கத்தோடு படம் எடுத்துக்கொண்ட பிறகு வீட்டுக்கு ஓட்டிச் செல்லும் பயணத்துக்கும் இது பொருந்தும். அன்றிரவு அங்கேயே தங்க ஒரு அறையைப் பந்தயத்துக்குப் பெயர் கொடுக்கும்போதே பிடித்து வையுங்கள், கடைசி நேரத்தில் கிடைக்காது.